வாசலில் மணல் மூட்டை: எவ்வளவு தண்ணீரைத் தடுக்கும்?

2023 டிசம்பர் 3ஆம் தேதி ராத்திரி, மிக்ஜாம் புயல் கரையேறாமல் கடலில் நின்றபடி சென்னையை அடித்துக்கொண்டிருந்தபோது, மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் 16 மணல் மூட்டைகள் இருந்தன. சிமெண்ட் சாக்கில் எம்-சாண்ட் நிரப்பி, வாயை சணல் கயிற்றால் கட்டி, நிலைக்கு முன்னால் அடுக்கியிருந்தோம். தெருத் தண்ணீர் முதல் வரிசையைத் தாண்டி இரண்டாவது வரிசையின் பாதிக்கு வந்தது. உள்ளே தரை கொஞ்சம் கசிந்ததே தவிர பெரிதாக ஒன்றும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அம்மாதான் முதலில் பார்த்தார். பாத்ரூம் கதவுக்கு அடியிலிருந்து கரப்பான்பூச்சிகள் சாரிசாரியாக வந்து சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. பத்து நிமிடம் கழித்து அவை வந்த வழியிலேயே தண்ணீரும் வந்தது. கறுப்பாக, நாற்றத்தோடு, சத்தமே இல்லாமல். விடியும்போது வாசலுக்கு வெளியே எவ்வளவு தண்ணீரோ, கிட்டத்தட்ட அவ்வளவு உள்ளேயும் நின்றது. 16 மூட்டைகளும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன.

அன்றிலிருந்து இந்த மூட்டை விஷயம் எனக்கு ஒரு கேள்வியாகவே தங்கிவிட்டது. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் ‘இத்தனை லட்சம் மணல் மூட்டைகள் தயார்’ என்று செய்தி வருகிறது. நாமும் அக்டோபர் மாதம் பழைய சாக்கைத் தேடுகிறோம். அது உண்மையில் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது? கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் ஓரளவு தெளிவாகவே கிடைக்கிறது: தண்ணீர் எவ்வளவு உயரம், எத்தனை மணி நேரம், எந்த வழியாக வருகிறது என்ற மூன்றையும் பொறுத்தது. முழங்காலுக்குக் கீழே, சில மணி நேரம், வாசல் வழியாக மட்டும் என்றால் மூட்டை கைகொடுக்கும். இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் கதை மாறிவிடும்.

முதலில் மணலைப் பற்றி. மணல் தண்ணீரைத் தடுக்கும் பொருளே அல்ல. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்த ஊர்க்காரர்கள் நாம். பானையில் மணலைப் போட்டுத் தண்ணீரை வடிகட்டியவர்கள். மணலுக்குள் தண்ணீர் எவ்வளவு சுலபமாக நடமாடும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு ஏன் மணல்? கனம் அதிகம், அள்ள எளிது, சாக்கில் போட்டால் கேட்கும் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும், நனைந்தாலும் குழைந்து ஓடாது. களிமண் தண்ணீரை இதைவிட நன்றாகத் தடுக்கும். ஆனால் மழையில் நனைந்த களிமண்ணை மண்வெட்டியால் வெட்டி சாக்கில் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கட்டியாக நின்று இடுக்குகளை அடைக்காது. ஆக மணல் மூட்டையின் வேலை கனம் கொடுப்பது. தண்ணீரை மறிக்கும் வேலையை வேறொன்று செய்ய வேண்டும். அது பிளாஸ்டிக் ஷீட் அல்லது தார்ப்பாய். நம் ஊரில் பெரும்பாலான வாசல்களில் இல்லாமல் போவதும் அதுதான்.

ஷீட் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு மீட்டர் அகல வாசல். கதவுக்கு அடியிலோ மூட்டைகளுக்கு நடுவிலோ மொத்தமாகச் சேர்ந்து 1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வையுங்கள். ஒரு ஏடிஎம் கார்டின் கனத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வெளியே 30 சென்டிமீட்டர், அதாவது ஒரு அடித் தண்ணீர். அந்த அழுத்தத்தில் அவ்வளவு மெல்லிய இடுக்கு வழியாகவே நொடிக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்துக்கு 5,000 லிட்டர். தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஆயிரம் சதுர அடி வீட்டின் தரையில் அதைப் பரப்பினால் 5 சென்டிமீட்டர் நிற்கும். உள்ளே ஏற ஏற வேகம் குறைந்தாலும், பத்துப் பதினொரு மணி நேரத்தில் உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டம். மூட்டைகள் அசையாமல் நிற்கும்போதே இதெல்லாம் நடந்து முடிந்துவிடும்.

இதே கணக்கை மறுபக்கமாகவும் பார்க்கலாம். தெருவில் தண்ணீர் ஏறி இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும் ஊரில் அதே ஓட்டை வாசல்கூட வீட்டைப் பாதி காப்பாற்றிவிடும். மெத்தை நனையாது, பீரோவின் கீழ்த்தட்டு நனையாது, ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் தப்பிக்கும். மூட்டை நமக்கு வாங்கித் தருவது நேரம். அந்த நேரத்தில் சாமானை மேலே ஏற்றலாம், வயதானவர்களை மாடிக்கு அனுப்பலாம், கேஸ் சிலிண்டரை மூடலாம், மெயின் சுவிட்சை அணைக்கலாம்.

தென்சென்னையின் கஷ்டம், தண்ணீர் இங்கே வந்து போவதில்லை, வந்து தங்குகிறது. வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர், பெரும்பாக்கம் எல்லாம் ஏரியும் சதுப்பும் அவற்றின் வழிகளும் இருந்த தாழ்வான நிலம். 2023இல் பல தெருக்களில் மழை நின்ற பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. மூன்று நாள் நிற்கும் தண்ணீருக்கு முன்னால் மணல் மூட்டை ஒரு சல்லடை, அவ்வளவுதான். 2015 டிசம்பர் 1 இரவு இன்னொரு ரகம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததாக அரசுக் கணக்கு. அடையாறு கரை கடந்து ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் தரைத்தள வீடுகளை மூழ்கடித்தது. அந்த இரவில் மூட்டை அடுக்கிக்கொண்டு நின்றிருந்தால் உயிருக்கே ஆபத்து. அது மாடிக்கு ஓட வேண்டிய நேரம்.

உயரத்தின் கணக்கு இன்னும் கறாரானது. தண்ணீர் தள்ளும் விசை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஒரு அடித் தண்ணீர் ஒவ்வொரு மீட்டர் அகலத்தையும் சுமார் 45 கிலோ பாரத்துக்குச் சமமாகத் தள்ளுகிறது. இரண்டு அடி ஆனால் 90 இல்லை, 180. ஒரு மீட்டர் ஆழம் என்றால் 500. ஒரு மூட்டை அகலத்துக்கு இரண்டு அடி உயரம் அடுக்கிய சுவர், வழவழப்பான டைல்ஸ் மேல் நின்றால், 180 கிலோ தள்ளலைத் தாங்காமல் சறுக்கக்கூடும். தண்ணீர் அடியில் புகுந்து மூட்டையைக் கொஞ்சம் தூக்கவும் செய்கிறது; நனைந்த பிளாஸ்டிக் சாக்குக்கும் டைல்ஸுக்கும் பிடிப்பே கிடையாது. அதனால்தான் வெள்ளத்தடுப்பு வேலை தெரிந்தவர்கள் மூட்டையைச் சுவர்போல் நேராக ஏற்றுவதில்லை, கோபுரம்போல் கட்டுகிறார்கள். உயரம் ஒன்று என்றால் அடிப்பாகத்தின் அகலம் மூன்று. அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவின் கணக்குப்படி 100 அடி நீளத்துக்கு ஒரு அடி உயரக் கரை எழுப்ப சுமார் 600 மூட்டை; இரண்டு அடி உயரம் என்றால் கிட்டத்தட்ட 2,000. உயரம் இரட்டிப்பானால் மூட்டை மூன்று மடங்குக்கு மேல் போகிறது. நம் வாசலுக்கு, இருபுறமும் சுவரோடு ஒரு அடி சேர்த்து ஆறு அடி என்று வைத்தாலும், ஒரு அடி உயரத்துக்கு 35 மூட்டை, இரண்டு அடிக்கு 100க்கு மேல். இரண்டரை டன் மணலை மழை பெய்யும் இரவில் யார் தூக்குவது? நாங்கள் வைத்த 16 அந்தக் கணக்கில் பாதிகூட இல்லை.

அடுக்குவதிலும் விஷயம் இருக்கிறது. சாக்கை முக்கால் நிரப்பிக் கட்டினால் அது பூசணிக்காய்போல் உருண்டையாக இருக்கும். பக்கத்து மூட்டையோடு ஒட்டாது. பாதி, மிஞ்சினால் பாதிக்குச் சற்று மேல்தான் நிரப்ப வேண்டும். சிமெண்ட் சாக்கில் பாதி மணலே 25 கிலோவுக்கு மேல் வந்துவிடும் என்பதால் இடுப்புக்கும் அதுதான் நல்லது. கட்டுவதைவிட வாயை அடியில் மடித்துவைப்பது சிறந்தது. அடுத்த மூட்டை அந்த மடிப்பின்மேல் ஏறி உட்காரும். ஒவ்வொரு வரிசையையும் காலால் மிதித்தோ மண்வெட்டியின் முதுகால் தட்டியோ தட்டையாக்கிவிட்டுத்தான் அடுத்த வரிசை. கொத்தனார் செங்கல் அடுக்குவதுபோல் மேல் மூட்டை கீழ் இரண்டின் இணைப்பின்மேல் வரவேண்டும். மூட்டைகள் கதவுக்கு வெளியே, நிலையின் இருபுறமும் சுவர்மேல் ஏறும்படி இருந்தால், தண்ணீரே அவற்றைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். உள்ளே வைத்தால் நடு வீட்டுக்குத்தான் தள்ளும். தண்ணீர் வரும் பக்கம் தார்ப்பாயை விரித்து, கீழ் ஓரத்தை இரண்டு அடி தரையில் பரப்பி அதன்மேல் ஒரு வரிசை மூட்டை வைத்து அமுக்க வேண்டும். தார்ப்பாயை விறைப்பாக இழுத்துக் கட்டக் கூடாது. கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால்தான் தண்ணீரின் அழுத்தம் அதை இடுக்குகளுக்குள் தள்ளி அடைக்கும். நாங்கள் செய்யாமல் விட்டது அதையும்தான்.

இப்போது அந்தப் பாத்ரூம் விஷயம். வீடு என்பது வாசல் மட்டும் வைத்த பெட்டி இல்லை. பாத்ரூம் தரையில் தண்ணீர் வெளியேறும் ட்ரெய்னும் கழிவறைக் கோப்பையும் ஒரு குழாய் வழியாகத் தெருவின் பாதாள சாக்கடையோடோ பின்னால் இருக்கும் செப்டிக் டேங்கோடோ இணைந்திருக்கின்றன. தெருவில் தண்ணீர் ஏறி மேன்ஹோலுக்குள் இறங்கினால், குழாய்க்குள்ளும் அதே மட்டம் வரும். நம் பாத்ரூம் தரை அந்த மட்டத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீர் ஏறியே தீரும். பாத்ரூமை வேண்டுமென்றே ஹாலைவிட ஒரு அங்குலமோ இரண்டு அங்குலமோ தாழ்த்திக் கட்டுகிறோம் என்பதால் அதுதான் முதல் வாசல். கரப்பான்பூச்சிகள் குழாயை விட்டு ஓடி வருவது தண்ணீர் குழாயில் ஏறுகிறது என்பதற்கு ஏறக்குறைய நிச்சயமான எச்சரிக்கை.

வெள்ளம் அடிக்கடி பார்க்கும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மக்களுக்குச் சொல்லும் அறிவுரையில் இது முக்கியமான இடம் பெறுகிறது: ஒரு மூட்டையைக் கழிவறைக் கோப்பைக்குள் வையுங்கள், மற்றவற்றைத் தரை ட்ரெய்ன்கள்மேல் வையுங்கள். மணலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டி, அதைச் சாக்கில் வைத்தால் கோப்பையின் வளைவுக்கு ஏற்ப உட்கார்ந்துகொள்ளும். வாசலுக்கு 16 மூட்டை வைத்த எனக்கு இந்த இரண்டு மூட்டை தோன்றவில்லை. நிரந்தரமாகச் செய்வதென்றால் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் தெருக் குழாயோடு சேரும் சேம்பரில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. வெளியே போக விடும், உள்ளே வர விடாது. வருடத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யாவிட்டால் தலைமுடியும் சோப்பும் அடைத்துக்கொண்டு, வேண்டிய நேரத்தில் மூடாது.

சம்ப்பையும் சொல்லியாக வேண்டும். தெருத் தண்ணீர் மூடி வழியாகச் சம்ப்பில் இறங்கினால் குடிக்க, குளிக்க ஒன்றுமில்லாமல் போகும். அதற்குப் பயந்து சிலர் சம்ப்பைக் காலி செய்துவிடுகிறார்கள். அது தப்பு. சுற்றிலும் மண் முழுக்க நனைந்து நிலத்தடி நீர் மேலே வந்தபின் 10,000 லிட்டர் காலிச் சம்ப் ஒரு படகு. குறைந்தது 10 டன் விசை அதை மேலே தள்ளும். சுவர் விரிசல் விடும், சில நேரம் தொட்டியே எழும்பும். நிரப்பி வைத்து மூடியை ரப்பர் பட்டையோடு இறுக்குவதே சரி.

இதெல்லாம் கச்சிதமாகச் செய்து, ஒரு சொட்டும் உள்ளே வராமல் தடுத்துவிட்டோம் என்று வையுங்கள். அப்போது வேறொரு ஆபத்து தொடங்குகிறது. வெளியே தண்ணீர், உள்ளே காற்று. முழு அழுத்தமும் சுவர்மேல். பிரிட்டனில் வீட்டுக்காரர்களுக்கான வெள்ளத்தடுப்பு வழிகாட்டல் சுமார் 60 சென்டிமீட்டரை எல்லையாக வைக்கிறது. அதற்குமேல் போனால் தண்ணீரை உள்ளே விட்டுவிடுவதே கட்டடத்துக்குப் பாதுகாப்பு என்பது அதன் சாரம். நம் காம்பவுண்டு சுவரை வைத்துப் பார்த்தால் இது புரியும். 5 அடி உயரம், 9 அங்குல கனம், நடுவில் பில்லர் இல்லாத செங்கல் சுவர். தன் எடையை மட்டும் நம்பி நிற்கும் அந்தச் சுவர், ஒரு பக்கம் இரண்டரை அடித் தண்ணீர் நின்று மறுபக்கம் காய்ந்திருந்தால் கவிழும் நிலைக்கு வந்துவிடும். நாலரை அங்குலச் சுவர் என்றால் ஒன்றரை அடியே போதும். கேட்டை மூட்டையால் அடைத்துவிட்டு அந்தச் சுவர் ஓரமாக நின்று தண்ணீரை வேடிக்கை பார்ப்பவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. குழந்தைகளை அங்கே நிற்கவே விடக்கூடாது.

அப்படியானால் மணல் மூட்டையே வீணா என்றால், இல்லை. அது பிறந்த இடத்தில் அதற்கு ஈடே கிடையாது. அந்த இடம் மண்கரை. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில், ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் உடைந்து போனபோது, ஆயிரக்கணக்கான மூட்டைகளும் பாறாங்கற்களும் போட்டுத்தான் தற்காலிகத் தடுப்பு எழுந்தது. ஏரிக்கரை உடைப்பெடுத்தால் சவுக்குக் கம்புகளை வரிசையாக அறைந்து, நடுவில் மூட்டைகளைப் போட்டு அடைப்பது நம் கிராமங்கள் தலைமுறையாகச் செய்யும் வேலை. அங்கே பின்னால் டன் கணக்கில் மண் தாங்கிப் பிடிக்கிறது. கொஞ்சம் கசிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஊரே வரிசையில் நின்று கைமாற்றுகிறது. கரைக்கு வெளிப்புறம் மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஊற்று பொங்கினால் அதன்மேல் மூட்டையைப் போட்டு அமுக்கக்கூடாது. சுற்றிலும் கிணற்று உறைபோல் மூட்டையை வளையமாக அடுக்க வேண்டும். உள்ளே தண்ணீர் மட்டம் உயர உயர, ஊற்றின் வேகம் குறைந்து, மண் அரித்து வருவது நிற்கும். நெதர்லாந்தின் ஆற்றுக்கரைகளிலும் இதே வித்தைதான். தண்ணீரைத் தண்ணீரின் எடையாலேயே அடக்குவது.

ஒரு ஊரையே மூட்டை காப்பாற்றியதும் உண்டு. 2009 மார்ச் மாதம் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ரெட் ஆறு பெருகியபோது ஃபார்கோ நகர மக்கள் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மூட்டைகளை நிரப்பினார்கள். ஆறு 40 அடிக்கு மேல் ஏறி அதுவரையில்லாத உச்சத்தைத் தொட்டது. நகரத்தின் பெரும்பகுதி தப்பியது. ஆனால் அங்கே பனி உருகி வரும் வெள்ளம் முன்கூட்டியே தெரிந்தது. கல்லூரி மாணவர்களிலிருந்து எல்லோரும் இரவு பகலாக மணல் அள்ளினார்கள். அதன்பிறகு அந்த நகரம் அடுத்த முறையும் மூட்டையை நம்பி உட்காரவில்லை. ஆற்றோர வீடுகளை விலைக்கு வாங்கி இடித்தது, நிரந்தரக் கரை எழுப்பியது, வெள்ளத்தை ஊரைச் சுற்றித் திருப்பிவிடும் பெரிய கால்வாய்த் திட்டத்தில் இறங்கியது. மணல் மூட்டையில் இவ்வளவு பெரிய வெற்றி கண்டவர்களின் முடிவு இது.

உழைப்பின் கணக்கு அவர்களை அந்த முடிவுக்குத் தள்ளியிருந்தால் ஆச்சரியமில்லை. 2004இல் மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க்கில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவின் ஆய்வுக்கூடம் மணல் மூட்டைக் கரையையும் மூன்று வகை ரெடிமேட் தடுப்புகளையும் எழுப்பிச் சோதித்தது. மூட்டைக் கரைக்கு ஏறக்குறைய 200 ஆள்-மணி நேரம் பிடித்தது. மற்றவற்றுக்கு 20 முதல் 33 வரை.

இணையத்தில் இப்போது மணலே வேண்டாத மூட்டை விற்கிறார்கள். காய்ந்திருக்கும்போது தலையணை உறை கனம். தண்ணீர் பட்டால் உள்ளிருக்கும் பொடி உறிஞ்சி ஊதிக்கொள்ளும். குழந்தைகளின் டயப்பரில் இருப்பதும் இதே வகைப் பொடிதான். மாடி பால்கனியிலிருந்து வழியும் மழைத் தண்ணீருக்கு நல்லது. தெருவெள்ளத்துக்கு எனக்கு நம்பிக்கை இல்லை. உள்ளே இருப்பது ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர் என்பதால், வெள்ளத்தில் மூழ்கியபின் அதற்கு எடையே இருக்காது. உப்புத் தண்ணீரில் அந்தப் பொடி சரியாக ஊதுவதும் இல்லை; கடலோரக் குப்பங்களில் வாங்குகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

மழை நின்ற பிறகும் மூட்டையால் வேலை இருக்கிறது. வெயிலில் ஆறு மாதம் கிடந்த பிளாஸ்டிக் சாக்கு கை வைத்தால் பொடிப்பொடியாக உதிரும். மணல் நேராக மழைநீர் வடிகாலுக்குள் போகும். அடுத்த வருடம் அதே தெருவில் தண்ணீர் நிற்பதற்கு நாமே வழிசெய்தவர்கள் ஆவோம். சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறிய மணலைக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் கொட்டவும் கூடாது, பூச்சு வேலைக்குச் சலித்து எடுக்கவும் கூடாது. தெருமுனையிலேயே மூட்டையைப் போட்டு மறிக்கும் தெருக்களும் உண்டு. அந்தத் தண்ணீர் மாயமாவதில்லை, அடுத்த தெருவின் தாழ்ந்த வீட்டுக்குப் போகிறது. அந்த வீட்டில் இருப்பவர்களிடம் மாடியும் இருக்காது.

எங்கள் தெருவில் இப்போது ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு வழியில் போயிருக்கிறது. ஒருவர் ஜாக்கி வைத்து வீட்டையே மூன்று அடி தூக்கிவிட்டார். எதிர்வீட்டு அக்கா நிலையின் இருபுறமும் இரும்புச் சேனல் பதித்து, ரப்பர் ஒட்டிய ஒரு பலகையை மழைக்காலத்தில் இறக்கிக்கொள்கிறார். ஐந்து நிமிட வேலை, தனியாகவே செய்துவிடுகிறார். வசதி இல்லாதவர்கள் வாசலில் ஒன்றரை அடிச் செங்கல் தடுப்புக் கட்டி, தாண்டித் தாண்டிப் போகிறார்கள். முட்டி வலிக்காரர்களுக்கு அது தினசரி தண்டனை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, 20 வருடம் முன்பு தெருவைவிட உயரமாக இருந்த எங்கள் வாசற்படி இன்று தெருவுக்குக் கீழே இருக்கிறது. அந்தச் செலவுகளில் பாதி அதனால் வந்தது. ரோட்டைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள் என்று கேட்பது, அக்டோபரில் மூட்டை கேட்பதைவிட முக்கியமான கோரிக்கை என்று நான் நினைக்கிறேன்.

நாங்கள் சேம்பரில் வால்வு போட்டோம். இபி பெட்டியை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினோம். கேட் தூணில் 2015, 2023 இரண்டு வருடத்துத் தண்ணீர் மட்டத்தையும் பெயிண்டில் கோடு போட்டு வைத்திருக்கிறோம். 2023 கோடு வரை வந்தால் மூட்டையும் தார்ப்பாயும். அதைத் தாண்டினால் கதவைத் திறந்துவிட்டு மாடிக்கு என்று வீட்டில் பேசி முடிவாயிற்று. மாடிப்படிக்கு அடியில், வெயில் படாத இடத்தில், ஒரு பிளாஸ்டிக் டிரம் நிறைய எம்-சாண்டும் மடித்த சாக்குகளும் இருக்கின்றன. அதற்கு மேலே தனியாக இரண்டு சின்ன மூட்டைகள், ஏற்கெனவே நிரப்பிக் கட்டியவை. அவற்றில் அம்மா மார்க்கர் பேனாவால் ‘பாத்ரூம்’ என்று எழுதி வைத்திருக்கிறார்.